போர்வைச் சீட்டு

இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹாம் என்றொரு மாவட்டம் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களாற் பேர்பெற்ற நாடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் அந்நாட்டுச் சுரங்கக் கிராமமொன்றினுட் புகுந்த ஒருவர், நிரைநிரையாக நின்ற சிறு வீடுகளுள் ஏதேனும் ஒன்றின் முன்னறையில், அறையையே அடைத்துக்கொண்டு நீண்டதொரு மரச்சட்டம் கிடப்பதைக் கண்டிருப்பார். சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்ட துணியின் முன் ஒரு பெண் குனிந்திருப்பாள். யன்னலோர வெளிச்சம் மங்கும்வரை அவள் கை ஓயாது.

அவள் செய்வது ஒரு போர்வை. இரண்டு துணிகளுக்கிடையே பஞ்சையோ ஆட்டுமயிரையோ பரப்பி, மூன்றையும் ஒன்றாய் ஊடுருவிச் சிறு சிறு தையலிட்டு, அத்தையல்களாலேயே இறகும் இலையும் கயிற்று முறுக்குமாகக் கோலங்களை எழுப்புவது. ஆங்கிலேயர் அதனைக் குவில்ற் என்பர். குளிர் மிகுந்த அந்நாட்டிலே அது அலங்காரப் பொருளன்று, படுக்கைக்கு இன்றியமையாதது. அதற்கு என்ன விலை கேட்பது என்பதுதான் அப்பெண்ணின் கவலை. வாங்குவோர் அயலூராரல்லர். அடுத்த வீட்டாரும், தேவாலயத்தில் உடனிருந்து பாடுவோரும், உறவினருமே.

அவள் பெரும்பாலும் சுரங்கத்தில் கணவனை இழந்தவள், அல்லது கணவன் அங்கே முடமாகி வீட்டோடு கிடப்பவன். சுரங்க வேலையாளின் குடும்பம் குடியிருந்த வீடு பெரும்பாலும் சுரங்க முதலாளிக்கே உரியது. உழைப்பவன் மறைந்தால் வீட்டின் நிலையும் ஐயத்துக்குரியதாகும். 1897ஆம் ஆண்டிலே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் கிடைத்த தொகை குழந்தைகளை வளர்த்து ஆளாக்கப் போதியதாயிருக்கவில்லை. இந்நிலையில் கையிலிருந்த ஒரே முதல் ஊசித் தொழில். ஆயினும் துணிக்கும் பஞ்சுக்கும் முன்பணம் வேண்டும். வாங்குவோரிடமோ ஒரே முறையில் முழு விலையைக் கொடுக்கும் வசதி இல்லை.

இவ்விரு முட்டுப்பாட்டுக்கும் அவர்கள் கண்ட வழி போர்வைச் சங்கம். சங்கம் என்று அவர்கள் பெயரிட்டார்களேனும், நம்மவர் கேட்டால் 'இது சீட்டல்லவா?' என்பர். அயலிலுள்ள பெண்கள் பலர் சேர்வர். ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு ஷில்லிங் அளவிற் செலுத்துவர். யாருக்கு முதலிற் போர்வை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். ஒன்று முடிந்தவுடன் அடுத்தவருக்குரியது சட்டத்தில் ஏறும்.

கணக்கை விளங்கிக்கொள்வதற்காக ஒரு தொகையை வைத்துப் பார்க்கலாம். இருபது பேர் சேர்ந்த சங்கம்; போர்வை ஒன்றின் விலை முப்பது ஷில்லிங் என்று கொள்வோம். முப்பது கிழமையிற் பணம் முழுவதும் சேரும். அதற்குள் அவள் இருபது போர்வை முடித்தாக வேண்டும். அஃதாவது ஒன்றரைக் கிழமைக்கு ஒன்று. துணிக்கும் பஞ்சுக்கும் நூலுக்கும் பாதி போய்விடுமாயின் எஞ்சுவது பதினைந்து ஷில்லிங். ஒன்றரைக் கிழமை முழுவதும் சட்டத்தின் முன் வளைந்த முதுகுக்கு அதுவே கூலி. நுணுக்கமான கோலத்தை விரும்பி இரண்டு நாள் கூடச் செலவிட்டால், அந்த இரண்டு நாளும் தருமமே.

இங்கே விலையை நிர்ணயித்தது உழைப்பின் அளவன்று என்பது தெளிவு. சுரங்கத் தொழிலாளியின் மனைவி கிழமைச் சம்பளத்திலிருந்து எவ்வளவை மிச்சம் பிடிக்க முடியும் என்பதே அதை நிர்ணயித்தது. ஆயினும் சங்கத்தை முற்றாகக் குறைகூறுதலும் பொருந்தாது. 'எனக்கு மட்டும் சற்றுக் குறைத்துத் தா' என்று உறவுக்காரி தனியே வந்து கேட்க அங்கு இடமில்லை. இருபது பேருக்கும் தெரிந்த விலை ஒரே விலை. தாட்சணியத்தால் நேரும் நட்டத்திலிருந்து அது அவளை ஓரளவு காத்தது. வேறொரு பக்கத்தில், தேவாலயப் பெண்கள் கூடித் தைத்து ஆலய நிதிக்காக விற்கும் போர்வைகளும் இருந்தன. அங்கே உழைப்பு இலவசம். புண்ணியத்துக்காகத் தைத்த போர்வையோடு, வயிற்றுக்காகத் தைத்த போர்வை சந்தையிற் போட்டியிட நேர்ந்ததை ஒருவரும் தீமையென்று எண்ணியிருக்க மாட்டார்கள். இவற்றுக்கும் மேலாக லங்கஷயர் ஆலைகளில் நெய்யப்பட்ட மலிவான போர்வைகளும் வந்து குவிந்தன.

இதற்கு முற்றும் மாறானதொரு விலை முறையும் அக்காலத்தில் அருகிலேயே நிலவியது. டர்ஹாம் எல்லைக்கு அப்பால், அலன்ஹெட்ஸ் என்னும் மலைக்கிராமத்திலே ஜோர்ஜ் காடினர் என்பவர் கடை வைத்திருந்தார். தையலுக்கு முன்னர் துணியின்மேற் கோலத்தை நீலப் பென்சிலால் வரைந்து கொடுப்பது அவரது தனித்திறமை. அவரிடம் தொழில் பயின்றவர் 1861இற் பிறந்த எலிசபெத் சாண்டர்சன். ஊசியெடுக்காமல் வரைந்து மட்டும் கொடுக்கும் இவர்களுக்கு ஒரு துணிக்கு ஒன்றரை ஷில்லிங் முதல் 2 ஷில்லிங் வரை கூலி. தூர இடங்களிலிருந்தும் துணிகள் வந்தன. சாண்டர்சன் தமக்கு உதவியாகப் பெண்பிள்ளைகளையும் பயிற்றினார். வரைபவருக்கு வேலை முடிந்த கையோடு கூலி. நாட்கணக்கில் தைப்பவளுக்கோ தவணைப் பணம். கோலம் அறிந்தோர் சிலர், ஊசி பிடிப்போர் பலர் என்பதே இந்த வேற்றுமைக்குக் காரணமாகலாம்.

வேல்ஸ் நாட்டில் வழக்கம் வேறு. அங்கே தையற்காரி சட்டத்தைக் கொண்டு பண்ணை பண்ணையாகச் செல்வாள். உணவும் உறையுளும் வீட்டாருடையவை; கையிற் கிடைப்பது சிறு தொகை. மணமாகப்போகும் மகளுக்குரிய போர்வைகள் முடிந்ததும் அடுத்த பண்ணைக்குப் புறப்படுவாள்.

1926ஆம் ஆண்டு சுரங்கங்களில் ஏற்பட்ட கதவடைப்பு ஏறக்குறைய ஏழு மாதம் நீடித்தது. அதன் பின் தொழில் மந்தமும் வேலையின்மையும் டர்ஹாமையும் தென் வேல்ஸையும் வாட்டின. கிழமைக்கு ஒரு ஷில்லிங் கொடுப்பதற்கு ஆளில்லாத ஊரிலே சீட்டு எங்ஙனம் நடைபெறும்? இவ்வேளையில், 1921இல் நிறுவப்பட்ட கிராமக் கைத்தொழிற் பணியகம் இத்தொழிலின்மீது கண் வைத்தது. 1928 முதல் மேவிஸ் பிற்ஸ்ராண்டோல்ப் என்னும் பெண்மணி ஊரூராகச் சென்று, கைதேர்ந்த தையற்காரிகளைத் தேடிக் கண்டார். அதே ஆண்டில் மியூறியல் ரோஸ் என்பவர் இலண்டனிலே செல்சிப் பகுதியில் 'லிட்டில் கலரி' என்னும் விற்பனைக்கூடத்தைத் திறந்தார். சுரங்கக் கிராமத்துப் போர்வைகள் செல்வர் வீடுகளுக்குச் செல்ல வழி பிறந்தது. 1930களின் தொடக்கத்திலே கிளாறிஜஸ் என்னும் பேர்பெற்ற விடுதி தன் புதிய கட்டடத்துக்கு இப்போர்வைகளைக் கேட்டு வாங்கியது.

விலை பேசும் பொறுப்பு இப்போது தையற்காரியிடம் இல்லை. துணி தரப்படும், வேலை சோதிக்கப்படும், கூலி பணியகத்தாரால் வரையறுக்கப்படும். அவசரத் தையலுக்கு இடமில்லை, நுணுக்கத்துக்கே மதிப்பு. அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்கக் கூசிய விலையை, முகம் காணாத சீமாட்டியிடம் மற்றொருவர் அவளுக்காகக் கேட்டார். அவளது உழைப்புக்கு முதன்முறையாக உரிய மதிப்பு எழுந்தது என்று இதனைச் சொல்லலாம். ஆனால் முன்பு தன் பெயரால் அயலாரிடையே அறியப்பட்ட போர்வை, இப்போது அவளை அறியாதவர் கட்டிலிற் கிடந்தது.

அக்கூலியும் முழுவதாக அவளிடம் நின்றதா என்பது வேறு கேள்வி. 1931இன் இறுதியில் அரசினர் வேலையற்றோர் உதவிப்பணத்துக்குக் குடும்ப வருமானச் சோதனையை விதித்தனர். மனைவி, மகன், மகள் எவர் உழைத்தாலும் அது குடும்ப வருமானமாகக் கொள்ளப்பட்டு உதவிப்பணத்திற் கழிக்கப்படலாயிற்று. வேலையிழந்த கணவனுடைய வீட்டில், ஊசியால் ஈட்டிய ஷில்லிங் ஒரு கதவால் வந்து மறு கதவால் வெளியேறக்கூடியது. நல்ல விலை கிடைத்ததென்று மகிழ்வதா அஞ்சுவதா என்று தெரியாத நிலை அது.

1939இல் யுத்தம் மூண்டது. லிட்டில் கலரி மூடப்பட்டது. பணியகத்தின் போர்வைத் திட்டமும் நின்றது. 1941 முதல் 1949 வரை உடுதுணிகள் பங்கீட்டு அட்டைக்குரியனவாயின. 1954இல் பிற்ஸ்ராண்டோல்ப் தாம் கண்டறிந்தவற்றை நூலாக வெளியிட்டார். போர்வைச் சங்கங்கள் பற்றிப் பின்வந்தோர் அறிந்தவற்றுட் பல அந்நூலின் வழி வந்தவையே. சந்தர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த ஏமி எம்ஸ் இளமையிற் கற்ற இத்தொழிலை முதுமைவரை பிறருக்குக் கற்பித்து வந்தார். 1984இல் அவருக்கு அரச விருது கிடைத்தது.

டர்ஹாமிலுள்ள பீமிஷ் நூதனசாலையிலும் வேல்ஸிலுள்ள சென்ற் பகன்ஸ் நூதனசாலையிலும் பழைய போர்வைகள் பேணப்படுகின்றன. தைக்கப்படாது எஞ்சிய அலன்ஹெட்ஸ் துணிகளும் சில உள. அவற்றின்மேல் நீலப் பென்சிற் கோடுகள் இன்னமும் தெரிகின்றன. வரைந்தவருக்குரிய கூலி அன்றே கொடுபட்டிருக்கும். தைக்கவேண்டியவளின் ஊசி மட்டும் அத்துணியைத் தொடவேயில்லை.