விருந்து: வந்தவர் பெயர் உணவுக்கு வந்த கதை

இன்றைய தமிழில் விருந்தை வைக்கிறோம், போடுகிறோம், பரிமாறுகிறோம், சாப்பிடுகிறோம். பழந்தமிழில் விருந்து வந்தது, வாசலில் நின்றது, தங்கியது, விடைபெற்றுப் போனது. பெயர்ச்சொல் மாறவில்லை; அதனோடு சேரும் வினைகள்தாம் அடியோடு மாறியிருக்கின்றன. ஒரு சொல்லின் பொருள் எங்கே இருந்தது, எங்கே போனது என்பதற்கு அகராதியைவிட இந்த வினைகளே நல்ல சாட்சி. வருகிற, நிற்கிற, போகிற ஒன்று ஆளாகத்தான் இருக்க முடியும். வைக்கிற, பரிமாறுகிற ஒன்று உணவாகத்தான் இருக்க முடியும். ஆளைக் குறித்த சொல் இலையில் விழுந்த உணவைக் குறிக்க வந்ததைச் சாதாரண ஆகுபெயர் என்று இலக்கணக்காரர் ஒரு வரியில் முடித்துவிடுவார். எனக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வருபவர் யார் என்பதில் நேர்ந்த மாற்றமே இந்தச் சொல்லை நகர்த்தியது என்றும், நகர்ந்தபோதும் தன் வேர்ப்பொருளை அது விட்டுவிடவில்லை என்றும் சொல்ல இடமிருக்கிறது.

வேர்ப்பொருள் புதுமை. இதற்கு உறுதியான சான்று சமையலறையிலிருந்து வரவில்லை, செய்யுள் இலக்கணத்திலிருந்து வருகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் எட்டு வனப்புகளைச் சொல்கிறது. அவற்றுள் தொன்மை என்பது பழைய கதைமேல் செய்யப்படுவது. விருந்து என்பது புதிதாகப் புனையப்படுவது. பேராசிரியர் தம் உரையில் முத்தொள்ளாயிரத்தையும் அந்தாதிச் செய்யுள்களையும் இதற்கு எடுத்துக்காட்டுவார். சாப்பாட்டைக் குறித்த சொல்லிலிருந்து புதுவகை நூல் என்ற பொருள் கிளைக்க வழியே இல்லை. புதுமையிலிருந்து புதிய நூலும் கிளைக்கலாம், புதிய ஆளும் கிளைக்கலாம். அதே தொல்காப்பியம் கற்பியலில், விருந்தைப் பேணுவதை இல்லாளின் மாண்புகளில் ஒன்றாக வைக்கிறது. ஊடல் தீர்க்கும் வாயில்களின் பட்டியலில் விருந்தினரையும் சேர்க்கிறது. பரிமேலழகர் 43ஆம் குறளின் உரையில் விருந்து என்பதற்குப் புதுமை என்றே பொருள் சொல்லி, அது ஆகுபெயராய்ப் புதியவராக வந்தவர்மேல் நின்றது என்று விளக்கிவிடுகிறார். ஆக, சொல் இரண்டு முறை தாவியிருக்கிறது: புதுமையிலிருந்து புதியவருக்கு, புதியவரிலிருந்து அவருக்கு இடும் உணவுக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் உணவளித்து உபசரிப்பதை முன்னும் புதுமையைப் பின்னும் வைக்கிறது. இன்றைய வழக்கைப் பார்த்தால் அந்த வரிசை சரி. வரலாற்றைப் பார்த்தால் அது தலைகீழ்.

முதல் தாவலுக்குப் பிறகு வெகுகாலம் விருந்து ஆளாகவே இருந்தது என்பதற்கு, உணவுக்கு அப்போது வேறு சொற்கள் தாராளமாக இருந்ததே ஆதாரம். அடு என்ற வினையிலிருந்து வந்த அடிசில் அவற்றில் முதன்மையானது. சமையல் நடக்கும் இடம் அட்டில். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை அடிசிலையும் விருந்தையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுகிறது. மாதரியின் வீட்டில் கண்ணகி சமைப்பது அடிசில். அதே காதையில், விருந்தை எதிர்கொள்ளும் பேற்றை இழந்துவிட்டேனே என்று அவள் கோவலனிடம் சொல்லும்போது விருந்து என்பது ஆள். கணவனுக்கு எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சமைத்தாலும் அது விருந்தாகாது. அவன் புதியவன் இல்லை. கம்பனின் சீதையும் அசோகவனத்தில் இப்படித்தான் இரண்டையும் பிரித்து அழுகிறாள்: இலைக்கறியை யார் இட இராமன் உண்பான் என்பது ஒரு கவலை, விருந்தைக் கண்டால் தனியாக என்ன செய்வான் என்பது இன்னொன்று. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம். 81 முதல் 90 வரை பத்துக் குறளிலும் ஒரு பண்டத்தின் பெயர்கூட வராது. என்ன சமைப்பது, எத்தனை கறி, எது முதலில் என்பதைப் பற்றி வள்ளுவருக்கு அக்கறையே இல்லை. அவர் பேசுவது முகத்தைப் பற்றி. அனிச்சம் முகர்ந்தால் வாடும், விருந்து நம் முகம் திரிந்தாலே வாடும் என்பது அவர் முடிவு. நற்றிணையில் மாங்குடி கிழார் பாடும் கணவனுக்கும் முகம்தான் கணக்கு. புகை குடித்த கண்ணோடும் நெற்றி வியர்வையோடும் மனைவி அட்டிலில் கோபமாக நிற்கிறாள். ஒரு விருந்து வரக்கூடாதா, வந்தால் இவள் முகம் சிரிக்குமே என்று அவன் ஏங்குகிறான். அவன் வரவேண்டுமென்று ஏங்குவது ஓர் ஆளுக்காக. சோறு ஏற்கெனவே அடுப்பில் இருக்கிறது.

இங்கே ஒருவர் மறுக்கலாம். சங்க காலத்தில் வந்தவரை அசத்தும் சமையலே இல்லையா, என்று. இருந்தது, நிறையவே இருந்தது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் பாணர்க்குப் பொற்கலத்தில் உணவிட்டுத் தானே அருகில் நின்று ஊட்டினான் என்கிறது சிறுபாணாற்றுப்படை. அந்தச் சமையல் வீமன் செய்த மடைநூல் முறையில் வழுவாதது என்று பெருமையும் பேசுகிறது. கரிகாலன் வீட்டில் இரவும் பகலும் இறைச்சி தின்றே பொருநனுக்குக் கொல்லை உழுத கொழுவைப்போலப் பல் மழுங்கிவிட்டது. இவையெல்லாம் மன்னர்கள் புகழுக்காகச் செய்த சமையல்தாம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நல்லியக்கோடன் இட்டதைச் சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் அடிசில் என்கிறார். ஊரையே, படையையே உண்பித்த பெரிய நிகழ்ச்சிக்குப் பெருஞ்சோறு என்று பெயர்; அதனால்தான் உதியஞ்சேரலாதன் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன் ஆனான், பெருவிருந்து உதியஞ்சேரலாதன் ஆகவில்லை. சிக்கலான இடம் ஒன்று உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் விருந்து என்ற சொல்லோடு உண்ணுதல் என்ற வினையே சேர்ந்து வருகிறது. உண்டபின் எஞ்சிய மிச்சில் பேசப்படுகிறது. மேலோட்டமாகப் படிப்பவர், இதோ விருந்தைச் சாப்பிட்டிருக்கிறார்களே என்பார். அங்கே விருந்து எழுவாய்: வந்தவர் உண்டு மிஞ்சியதைத்தான் தலைவன் தலைவியோடு உண்ண விரும்புகிறான். பக்கத்திலேயே நெய் மிகுந்த உணவுக்கு அடிசில் என்ற சொல் தனியாக நிற்பதும் இந்த வாசிப்பையே தாங்குகிறது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் ஒருங்கே படிக்கத்தக்க இத்தகைய தொடர்கள்தாம் பிற்கால மாற்றத்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். தமிழில் அஃறிணைச் செயப்படுபொருளுக்கு ஐ உருபு கட்டாயமில்லை. விருந்து உண்டது, விருந்து உண்டான் இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. கம்பனின் நாட்டுப் படலத்தில் பெண்கள் நாள்தோறும் செய்பவை ஈகையும் விருந்தும் என்று வருமிடத்தில் அது ஆளா, உபசரிப்பா என்று அறுதியிட முடியாது. இரண்டாம் தாவல் பாதி நடந்துவிட்ட நிலை அது.

கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, நுழைய ஒரு காரணம் வேண்டும். 43ஆம் குறள் விருந்தையும் ஒக்கலையும், அதாவது சுற்றத்தாரையும், வெவ்வேறாக எண்ணுகிறது. நற்றிணையின் வேறொரு பாட்டில் வரும் இல்லாள் நடுராத்திரியில் விருந்து வந்தாலும் மகிழ்பவள். இரவில் சொல்லாமல் வருபவர் பெரும்பாலும் வழிப்போக்கர். வழிப்போக்கருக்கு வழியெல்லாம் சத்திரங்கள் வந்தன. தஞ்சை மராட்டியர் கட்டியவை இன்றும் ஒரத்தநாடு முதலிய ஊர்களில் நிற்கின்றன. 1867இல் வள்ளலார் வடலூரில் அடுப்பு மூட்டியபோது அதற்கு வைத்த பெயர் சத்திய தருமசாலை. முன்பின் தெரியாதவரின் பசி தருமம், அன்னதானம் என்ற பெயர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டு வாசலுக்கு மிச்சமானவர் ஒக்கல்தான். கொங்கு நாட்டில் வீட்டுக்கு வருபவரை ஒறம்பறை என்று உறவின் பெயராலேயே சொல்கிறார்கள். தென்பக்கத்தில் ஆளைச் சொல்ல விருந்தாடி என்று வால் சேர்க்க வேண்டியிருக்கிறது. பெயர் தெரிந்த, வருகிற நாள் தெரிந்த, சர்க்கரை நோய் உண்டா என்பதுகூடத் தெரிந்த ஒருவரைப் புதுமை என்று எப்படிச் சொல்வது? பரிமேலழகர் காலத்திலேயே முன்பு அறிந்து குறித்து வருபவர், அறியாது வருபவர் என்று இரு வகையும் விருந்தில் அடக்கம்தானே என்று கேட்கலாம். ஆம், அவர் இருவரையும் ஒரே வரிசையில் வைத்தார். நாம் இரண்டாமவருக்கு அழையா விருந்தாளி என்று பட்டம் கட்டி, அதை வசையாகவும் ஆக்கிவிட்டோம். வள்ளுவர் வாசலில் நின்றவரில் பாதிப்பேர் அழையா விருந்தாளிகள்.

வருபவரிடம் புதுமை தீர்ந்தபோது அது இலைக்கு வந்தது என்பதே என் வாதம். நாலு பேர் வருகிறார்கள் என்றதும் இன்றைக்கு எழும் கேள்வி, புதிதாக என்ன செய்யலாம் என்பது. யூடியூபில் பார்த்த பிரியாணியும் பக்கத்து வீட்டில் கேட்டறிந்த கோலா உருண்டையும் அன்றுதான் முதன்முதலாக அடுப்பேறும். (பழகாத பண்டத்தை விருந்தாளிமேல் சோதித்துப் பார்க்கும் இந்தத் துணிச்சலுக்கு எந்த இலக்கணமும் பெயர் வைக்கவில்லை.) முகத்தைப் பார்த்த சோதனை இப்போது குழம்பைப் பார்க்கிறது, உப்பு, காரம் எப்படி என்று வந்தவரைக் கேட்பது உபசாரத்தின் பகுதியே ஆகிவிட்டது. இதற்கும் மறுப்பு உண்டு: வடை, பாயசம், அப்பளம், கிடாக்கறி என்று விருந்துச் சாப்பாடு எழுதிவைத்தாற்போல மாறாமல்தானே இருக்கிறது, இதில் புதுமை எங்கே? நியாயமான கேள்வி. ஆனால் அந்த வரிசையை அன்றாடம் யாரும் சமைப்பதில்லை. வாரநாள் ரசச் சோற்றுக்கு எதிரே நின்றுதான் பாயசம் விருந்தாகிறது. கண்ணுக்கு விருந்து, செவிக்கு விருந்து என்ற வழக்குகளும் வயிற்றோடு தொடர்பில்லாமல் நிற்பது இதனால்தான். தினமும் கேட்கும் பாட்டை யாரும் செவிக்கு விருந்து என்பதில்லை.

தெலுங்கில் இதன் உறவுச் சொல்லான விந்து பெருவிருந்தைக் குறிப்பதை வைத்து, உணவுப் பொருளும் தொன்மையானதே என்று வாதிட முடியும். உறவு மொழிகளில் ஒரே தாவல் தனித்தனியே நடப்பது அரிதன்று. மலையாளத்தில் விருந்நு என்பது உணவைக் குறித்தாலும், காக்கை கரைந்தால் அது விருந்நு விளிக்கிறது என்றே சொல்கிறார்கள். அங்கே கூப்பிடப்படுவது ஆள். குறுந்தொகையில் நச்செள்ளையார் பாடிய காக்கையும் அதே வேலையைத்தான் செய்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியும் எதிர்ச்சான்றாக வைக்கப்படலாம்: மருந்து உட்கொள்வது என்பதால் விருந்தும் உட்கொள்வதே என்று. இரண்டு பொருளும் அதில் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் மூன்று நாள் கணக்கை உணவால் விளக்க முடியாது. ஒருவர் வீட்டுக்குப் பழகிப்போக, அதாவது அவரிடம் உள்ள விருந்து கழிய, ஆகும் காலம் அது.

இந்த வழக்கில் இன்னும் கேட்கப்படாத சாட்சி ஒன்று உண்டு. கல்யாணம் முடிந்ததும் சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று ஒவ்வொரு வீடும் புதுமணத் தம்பதியை விருந்துக்குக் கூப்பிடுகிறது. அதே பையன் போன மாதம் அதே அத்தை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அதற்குப் பெயர் வெறும் சாப்பாடு. கோழிக்குழம்பு அதேதான், புதிது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். அடுத்து வரும் தமிழ்ச் சொற்பிறப்பு அகராதி எதுவானாலும், மறுவீட்டு விருந்தை உணவு என்ற தலைப்பின்கீழ் அடக்காமல் புதுமைக்கு அடுத்த இரண்டாம் பொருளாகவே பதிய வேண்டும்.