கூடை இறங்கிய பிறகு

தரங்கம்பாடி என்றதும் 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையும், 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்குவும் நினைவுக்கு வருகிறார்கள். அதே கரையில் மீன்கூடை சுமந்து நடந்த பெண்களைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. அவர்களின் முதுமையைப் பற்றி இன்னும் குறைவு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மீனவ ஊர்கள் பலவற்றில் இறந்தோரில் பெண்களே அதிகம். ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்த நேரம் அது. பெண்கள் கரையிலும் வீட்டிலும் குழந்தைகளோடு இருந்தார்கள். தாயில்லாப் பிள்ளைகள் பாட்டிகளின் மடிக்கு வந்தார்கள். மகளுக்காக அழுது முடிக்குமுன் பேரனுக்குச் சோறு பொங்க வேண்டியிருந்தது.

பெங்களூரு நிமான்ஸ் மருத்துவக் குழுவினர் தமிழகக் கடற்கரைக்கு வந்து, உளவியல் ஆதரவு தரப் பயிற்சி அளித்தார்கள். அது தேவையான வேலை. ஆனால் முதிய பெண்ணின் மனதை அழுத்தியது சாவு மட்டுமா? கூடை தலையில் இருந்தவரை சுருக்குப்பையில் சொந்தக் காசு இருந்தது. சந்தையில் பேச்சுத்துணை இருந்தது. நிவாரணம் படகையும் வலையையும் முதலில் எண்ணியது, கூடையைப் பிறகுதான் எண்ணியது. புதுக் குடியிருப்பு கரையைவிட்டுத் தள்ளிப்போன இடங்களில் நடை கூடியது. முழங்கால் மறுத்த நாளில் கூடை இறங்கியது.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் தொடங்கியது. 2023-இல் மாதம் 1,200 ரூபாயானது. மகனிடம் வெற்றிலைக்குக் காசு கேட்கக் கூசுபவளுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் சந்தையின் பேச்சுத்துணையை அது தராது.

‘கிழவி புலம்புது’ என்று நகர்ந்துவிடுகிறோம். சற்று உட்கார்ந்து கேட்டால், அந்தப் புலம்பலில் ஒரு தொழிலாளியின் வரலாறு இருக்கிறது.