நீரில் தொடங்கும் பன்னாட்டுக் கல்வி: ஏரியூர்க் கல்லூரியை முன்வைத்து ஒரு வாதம்

பல்கலைக்கழகங்களைப் பன்னாட்டுமயமாக்குவது குறித்து இந்தியாவில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் தரவரிசையில் தொடங்கித் தரவரிசையிலேயே முடிகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, உலகத் தரவரிசையில் முதல் 1,000 இடங்களுக்குள் உள்ள வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டுப் பட்டம் வழங்க விரும்பும் இந்திய நிறுவனம் தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழுவின் (நாக்) மதிப்பீட்டில் 3.01 புள்ளியாவது பெற்றிருக்கவேண்டும். அது இல்லையென்றால் தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் நூற்றுக்குள் வரவேண்டும், அல்லது மேன்மைமிகு நிறுவனம் என்ற தகுதி வேண்டும். 2023 விதிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே இங்கு வளாகம் திறக்க வழிவிட்டன. 2025இல் குருகிராமில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் வந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் ஏரியூருக்கு இடமில்லை. 2021இல் தமிழக அரசு அறிவித்த பத்துப் புதிய கலை அறிவியல் கல்லூரிகளில் ஒன்று தருமபுரி மாவட்டத்து ஏரியூருக்குக் கிடைத்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த மாவட்டம் இது: 68.5 விழுக்காடு. நாக் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவே இரண்டு அணி மாணவர்கள் பட்டம் பெற்றிருக்கவேண்டும், அல்லது ஆறாண்டுகள் ஆகியிருக்கவேண்டும். ஏரியூர் போன்ற கல்லூரிக்கு அந்த வயதே இப்போதுதான் வருகிறது. ஏற்கெனவே வெளியுலகத் தொடர்பு உள்ளவர்களுக்கே மேலும் தொடர்பு என்பதுதான் இந்த விதிகளின் நடைமுறைப் பொருள். தரம் காக்கும் நோக்கம் நியாயமானது. பட்டம் விற்கும் கடைகளை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் கூட்டுப் பட்டம் மட்டுமே பன்னாட்டுறவு என்று கொண்டால், அரசுக் கல்லூரி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

ஏறத்தாழ இதே நெருக்கடி ஐரோப்பாவில் ஒரு கல்லூரிக்கு வந்தது. ஸ்வீடனின் மால்மோ நகரில் 1998இல் புதிய உயர்கல்வி நிறுவனம் திறக்கப்பட்டபோது, 1987 முதல் நடந்துவந்த எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத்துக்கு அதனிடம் கூட்டாளி நிறுவனங்கள் இல்லை. அதன் பன்னாட்டுப் பொறுப்பிலிருந்த பெங்ட் நில்சன் வேறு வழி பார்த்தார். மால்மோ குடியேறிகள் நிறைந்த துறைமுக நகரம். பயணம் போகாத பெரும்பான்மை மாணவர்களுக்கு, உள்ளூரிலேயே உலகத்தோடு பழக்கம் உண்டாக்கலாம் என்று அவர் வாதிட்டார். அவர் முன்வைத்த கருத்து இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. நம் ஊர்களில் அதைப் பெயரளவில் எடுத்துக்கொண்டு, கலாசார விழாவும் இணையவழிச் சிறப்புரையும் நடத்தி ஆண்டறிக்கையில் சேர்த்துவிடுகிறோம். நில்சன் தொடங்கியது தன் ஊரில் எது ஏற்கெனவே உலகோடு தொடர்புடையது என்ற கேள்வியிலிருந்து.

ஏரியூர்ப் பக்கம் அந்தக் கேள்விக்கு விடை தண்ணீர். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரத்து நாகமரை இங்கிருந்து அருகில்; அணையில் நீர் தளும்பும். ஆனால் மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. காவியேறிய பற்களும், முதுமைக்கு முன்பே வளையும் முதுகும் இங்கே தலைமுறைகளாகப் பழகிய காட்சிகள். ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய் மதிப்பில் நிறைவேறி 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஜப்பான் வங்கிக்குத் தெரிந்த இந்த நீர், நம் பாடத்திட்டத்துக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது?

இந்த நோயின் அறிவு வரலாறே பல நாடுகளுக்குரியது. எலும்பைத் தாக்கும் ஃபுளோரோசிஸ் இந்தியாவில் முதலில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில். எழுதியவர்களில் ஒருவர் கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட். 1970களில் நாக்பூரின் நீரி ஆய்வகம் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு ஃபுளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையை உருவாக்கியது. அது பின்னர் தான்சானியாவிலும் எத்தியோப்பியாவிலும் பரிசோதிக்கப்பட்டது. எத்தியோப்பியாவின் வோஞ்சி கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம் இதே எலும்பு நோய் அந்தப் பத்தாண்டில்தான் ஆவணப்படுத்தப்பட்டது. அங்கே எரிமலைப் பாறை. இங்கே பழமையான நைஸ், சார்னோக்கைட் பாறைகள். பாறை வேறாக இருந்தும் நோய் ஒன்றாக இருப்பது ஒப்பாய்வுக்கு நல்ல தொடக்கம். தான்சானியாவின் அருஷாவில் நெல்சன் மண்டேலா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இதில் ஆய்வு செய்கிறது. சென்னை ஐஐடி 2023இல் தன் வளாகத்தை அதே நாட்டின் சான்சிபாரில் திறந்துவிட்டது. ஏரியூரிலிருந்து அருஷாவுக்குப் பாலம் சென்னை வழியாகவே போடலாம். மேற்கே லண்டனை மட்டும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது தெரிவதில்லை.

ஆகவே என் முன்மொழிவு இது: பெரியார் பல்கலைக்கழகம் ஏரியூர் உள்ளிட்ட தன் இணைப்புக் கல்லூரிகளுக்கு ஒரு பருவத்துக்குரிய பொது நீர் ஆய்வுத் தாளை வகுத்து, அதை ஆப்பிரிக்கக் கல்லூரி ஒன்றின் வகுப்போடு இணையவழியில் சேர்ந்து நடத்தவேண்டும். கூட்டுப் பட்டம் இல்லாததால் 3.01 புள்ளித் தடை இதற்குப் பொருந்தாது. வேதியியல் துறை இல்லாத கல்லூரியும் இதில் சேரலாம். கிணற்று நீரைக் கள ஆய்வுப் பெட்டியால் அளக்கலாம், கணித மாணவர்கள் தரவைப் பகுக்கலாம். தமிழ் மாணவர்கள் முதியோரிடம் எந்தக் கிணறு எப்போது கைவிடப்பட்டது என்று கேட்டுப் பதியலாம். ஆங்கில மாணவர்கள் அதை அருஷா வகுப்புக்கு மொழிபெயர்க்கலாம். தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆங்கிலத்தைத் தேடும் மாணவருக்கு, தெரியாததை மனப்பாடம் செய்பவரைவிட அம்மொழி விரைவாக வரும் என்றே நினைக்கிறேன்.

உண்மையான தடை ஆசிரியர் நிலையாமை. அரசுக் கல்லூரிகளில் கணிசமான வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் நடத்துகிறார்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவரை நம்பி அயல்நாட்டுக் கூட்டாளி திட்டமிட முடியாது. எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானாலும் அதை நடத்துபவர் மாறினால் கோப்பு மட்டுமே மிஞ்சும். நிரந்தரப் பணியிடங்களை நிரப்புவது பன்னாட்டு உத்தியின் முதல் செலவாகக் கருதப்படவேண்டும். விமானச் சீட்டு அதற்குப் பின்னால்தான்.

இன்னொன்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கவேண்டும். வளர்ந்த நிறுவனங்கள் மாதிரியை எடுத்துச் சென்று கட்டுரை வெளியிட, ஊர் மட்டும் தன் கிணற்றின் அளவை அறியாமல் இருப்பது உலகெங்கும் கண்ட கதை. கிணற்று அளவு ஆய்விதழுக்குப் போகுமுன் கிராம சபையில் வாசிக்கப்படவேண்டும். தமிழகத்தில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. பருவத் தாளின் கால அட்டவணையை அந்த நாளிலிருந்து பின்னோக்கி வகுத்துக்கொள்ளலாம்.