ஆட்டோமேட்டிக் கார்ல கியர் மாறும்போது 'டொக்'குனு இடிக்குதா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்க!

கிளட்ச் மிதிக்க வேண்டாம், டிராஃபிக்கில் இடது காலுக்கு முழு ஓய்வு. ஆட்டோமேட்டிக் கார் வாங்குவதே இதற்காகத்தான். ஆனால், அதே கார் ஒருநாள் 'டி' போட்ட பிறகும் இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டு நகர்ந்தால்? கியர் மாறும்போதெல்லாம் முதுகில் யாரோ தட்டுவதுபோல இடித்தால்? வொர்க்‌ஷாப்பில் 'கியர்பாக்ஸே போச்சு சார்' என்று சொல்லிவிட்டால், பர்ஸ் காலி! ஆனால், கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியேயும் இருக்கலாம். எதை, எந்த வரிசையில் பார்க்கணும்?

உங்க கார்ல இருப்பது எந்த வகை?

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை நம் காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் இயக்குகிறது. 2014-ல் வந்த மாருதி செலெரியோ மூலம் நம் ஊரில் பிரபலமானது இது. கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் போய் வருவது இதன் இயல்பு. திடீரென அது அதிகமானால்தான் கவனிக்கணும். சிவிடி-யில் பற்சக்கர கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் இருப்பதால், அதில் இடி வந்தால் சந்தேகப்படலாம். டிசிடி-யில் இரண்டு கிளட்ச்கள். ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சூடேறினால் உதறும். டார்க் கன்வெர்ட்டர் வகையும் ஸ்மூத்தானதுதான். அதன் உயிரே ஆயிலில்தான்.

அறிகுறியைப் பிரிச்சுப் பாருங்க

* 'டி' அல்லது 'ஆர்' போட்டதும் தாமதம்: டார்க் கன்வெர்ட்டர் காரில், இன்ஜின் சூடான பிறகு சமதளத்தில் பிரேக்கை அழுத்தியபடி 'என்'-லிருந்து 'டி'க்கு மாற்றுங்கள். ஒன்று, ஒன்றரை விநாடிக்குள் கார் லேசாக இறுகுவது தெரியணும். அதைத் தாண்டினால் ஆயில் குறைவு, பிரஷர் குறைவு அல்லது சீல் தேய்மானமாக இருக்கலாம். பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரை முழுசா அழுத்தும் டெஸ்ட் மட்டும் வீட்டில் வேண்டாம்.

* 'டி'-'ஆர்' மாற்றும்போது மட்டும் இடி: இன்ஜின், கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்கள் தேய்ந்திருக்கலாம். ஐடில் ஆர்பிஎம் அதிகமாக இருந்தாலும் இப்படி இடிக்கும்.

* சரிவில் நிறுத்தி, 'பி'-யிலிருந்து எடுக்கும்போது 'டக்' சத்தம்: காரின் எடை முழுவதும் பார்க்கிங் லாக்கில் தொங்கியதால் வருவது. இனி பிரேக்கை அழுத்தி 'என்'-ல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, காலை எடுத்து கார் நிலைகொண்ட பிறகு, மீண்டும் பிரேக்கை அழுத்தி 'பி' போடுங்கள்.

* ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறலை: கிளட்ச் வழுக்குகிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆயில் சொல்லும் கதை

நல்ல ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்பாக, தெளிவாக இருக்கும். கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கலாம். இப்போதைய பல கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது; லிஃப்ட்டில் ஏற்றி, குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் அளவு பார்க்கணும். 'லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்' என்று யாராவது சொன்னால், ஓனர்ஸ் மேனுவலில் கடினமான பயன்பாட்டுக்கான அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். சிவிடி-க்கு அதற்கென உள்ள ஆயில்தான். ஏடிஎஃப் ஊற்றினால் புதுச் செலவு ஆரம்பம்.

பேட்டரி மாத்தினீங்களா?

கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைக் கற்று நினைவில் வைத்துக்கொள்ளும். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் அது அழிந்துவிடலாம். கிளட்ச் மாற்றினாலோ பழைய கணக்கு பொருந்தாது. அப்போது ஸ்கேனர் மூலம் ரீ-லேர்னிங் செய்தாலே இடி நின்றுவிடும். ஏஎம்டி-யில் பேட்டரி வீக் ஆனாலும் கியர் விழத் தகராறு செய்யும்.

ஸ்கேனர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க

ஓபிடி ஸ்கேனரில் 'பி0700' என்று வந்தால் பதறாதீர்கள். 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கு, அங்கே போய்ப் பாருங்க' என்பது மட்டுமே அதன் அர்த்தம். உண்மையான கோடு உள்ளே இருக்கும். 'பி0750' என்றால் ஷிஃப்ட் சோலனாய்டு 'ஏ'. 'பி0741' என்றால் டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச் சம்பந்தப்பட்டது. சோலனாய்டு, வயரிங் கோளாறு என்றால் முழு கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டிய அவசியம் இருக்காது.

மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லுங்க

'கியர் சரியில்லை' என்று மொட்டையாகச் சொல்லாமல், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, எந்த வேகத்தில், எந்த கியரிலிருந்து எதற்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரை மீட்டரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஆயில், மவுன்ட், பேட்டரி, ஸ்கேன், ரீ-லேர்னிங், சோலனாய்டு... இந்த வரிசை முடிந்த பிறகே கியர்பாக்ஸைத் திறக்கச் சம்மதியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கார் ஒரே கியரில் மாட்டிக்கொண்டாலோ, எரிந்த வாடை வந்தாலோ ஓட்ட வேண்டாம். கயிறு கட்டி இழுப்பதும் பல ஆட்டோமேட்டிக்குகளில் ஆபத்து. நான்கு சக்கரமும் தரையில் படாத ஃபிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். அந்த வாடகை, புது கியர்பாக்ஸைவிட ரொம்பவே மலிவு!