கண்ணாடிக்குள் வளர்ந்த பன்னம்

மீன்தொட்டிகளிலே கரும்பச்சை இலை விரித்து நிற்கும் யாவாப் பன்னத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். பெரணி என்றும் இதனை வழங்குவர். வீட்டுக் கூடத்திலே அமைதியாக வளரும் இச்செடி ஒரு வரலாற்றை நினைவூட்டுகின்றது.

1829 ஆம் ஆண்டில், இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, அந்தின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு போத்தலில் இட்டு மூடிவைத்தார். நகரப் புகையால் அவர் தோட்டத்தில் மடிந்துபோன பன்னம், அப்போத்தலுள்ளே தானே முளைத்துத் தழைத்தது. மூடிய கண்ணாடிப் பேழை இவ்வாறு பிறந்தது. 1850 இல் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், மீன், நீர்ச்செடி, நத்தை ஆகிய மூன்றையும் ஒரே தொட்டியில் வாழவைத்துக் காட்டினார். 1853 இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. வார்டின் பேழைகளோ கடல் கடந்தன. 1876 இல் இறப்பர்க் கன்றுகள் இலங்கை வந்து சேர்ந்தது அத்தகைய பேழைகளிலேதான்.

யாவாப் பன்னம் இயற்கையில் ஓடைக்கற்களைப் பற்றி வளர்வது. ஆதலின் அதன் வேர்த்தண்டுக்கிழங்கை மணலிற் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலாற் கட்டிவிடுதல் வேண்டும். வேர் மெல்ல மெல்லப் பற்றிக்கொள்ளும்; நூல் பின்னர் இற்றுப்போகும்.

ஆனால், எல்லாப் பன்னமும் இத்துணைப் பொறுமையுடையதன்று. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சல்வீனியா என்னும் மிதக்கும் பன்னம், 1939 இல் தாவரவியற் கல்வியின் பொருட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பி, குளங்களையும் வயல்களையும் மூடிற்று. முளைக்கும் வித்தி அதற்கு இல்லை; ஒடிந்த துண்டு ஒன்றே போதும். பிரேசில் நாட்டுக் கூன்வண்டு ஒன்றை 1986 இல் இங்கு கொணர்ந்து விட்ட பின்னரே பல இடங்களில் அதன் பெருக்கம் தணிந்தது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் உவர்நீர் சல்வீனியாவுக்கு ஒவ்வாது. ஆயின், படுவான்கரையின் நன்னீர்க் குளங்களுக்கும் வயல் வாய்க்கால்களுக்கும் அத்தகைய காவல் இல்லை. வேளாண்மையோ அவற்றையே நம்பியிருக்கின்றது.

ஆகவே நேயர்களே, தொட்டியைத் துப்புரவு செய்யும்போது கழித்த செடியை வாய்க்காலில் எறியாதீர்கள். வெயிலில் உலர்த்திப் புதையுங்கள். போத்தலில் முளைத்த பன்னம் உலகுக்குப் பயன் தந்தது. காவல் கடந்த பன்னமோ உழவனின் வயலைக் கவர்ந்தது. வேறுபாடு செடியின் குணத்தில் மட்டுமன்று, அதனைக் கையாளும் நம் கையிலும் உள்ளது.