கத்திரி வெயிலும் கண்மாய் நீரும்

சித்திரை பிறந்து மூன்று வாரம் சென்றதும் பஞ்சாங்கம் பேசத் தொடங்குகிறது. 'அக்கினி நட்சத்திரம் ஆரம்பம்' என்று அது அறிவிக்கிறது. நாளேடுகள் கட்டம் கட்டி வெளியிடுகின்றன. திண்ணையிலே சாய்ந்திருக்கும் பெரியவர் விளக்கம் தருகிறார். காண்டவ வனத்தை அக்கினி பகவான் உண்டாராம். கண்ணனும் அர்ச்சுனனும் காவல் நின்றனராம். அந்த நாட்களின் அனல்தான் ஆண்டுதோறும் நம்மை வாட்டுகிறதாம்!

கதை சுவையானதுதான். அந்தக் காட்டிலே குடியிருந்த நாகர்கள் வெந்து மடிந்தார்களே, அவர்களுக்கும் அது சுவையாக இருந்ததா என்பதைக் கதை சொல்வோர் கேட்பதில்லை. போகட்டும். நாம் கணக்கைக் கேட்போம்.

கார்த்திகை மீன் கூட்டத்தை ஒட்டி ஞாயிறு நகரும் நாட்களையே அக்கினி நட்சத்திரம் என்கின்றனர் சோதிடர். அந்த மீன்களின் ஒளி நம் கண்ணை எட்டவே நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவற்றின் அனலா புதுக்கோட்டைத் தெருவில் தாரை உருக்குகிறது? இன்னும் ஒன்று. நிலவுலகின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தள்ளாடுவதால், விண்மீன்களை வைத்து நாள் குறிக்கும் பஞ்சாங்கம் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவங்களை விட்டு விலகி வருகிறது. முதலாம் இராசராசன் ஆண்ட காலத்தில் இதே 'அக்கினி நட்சத்திரம்' பருவக் கணக்கில் இரண்டு வாரம் முந்தியே வந்து போயிருக்கும். வெப்பம் மீனைச் சார்ந்ததென்றால் மீனோடு சேர்ந்து அதுவும் நகர்ந்திருக்க வேண்டுமே! மீன் நகர்ந்தது, கோடை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உண்மைக் காரணம் எளியது. புதுக்கோட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் 17ஆம் நாளை ஒட்டி ஞாயிறு நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. அன்று நண்பகலில் மைதானத்திலே ஒரு கோலை நட்டு நிறுத்தினால் அதன் நிழல் அடியிலே ஒடுங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது எனக்கு வழக்கம். நிழலைத் தேடும் அவர்கள் முகத்திலே தோன்றும் வியப்பு எந்தப் புராணத்தாலும் வருவதன்று. அதன் பிறகு, ஈரம் வற்றிய மண்ணும் முகிலற்ற வானும் வாரக் கணக்கில் வெப்பத்தைச் சேர்த்து வைக்க, மே மாதத்தில் அது உச்சம் தொடுகிறது. ஆகஸ்டு பிற்பகுதியிலும் ஞாயிறு நம் தலைக்கு மேலே ஒருமுறை வருவதுண்டு. அப்போது முகிலும் மாலை மழையும் இடையே புகுந்து காப்பதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் நீரில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்தின் பக்கமே இறக்கிவிடுகிறது. நமக்கு முதன்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில். வற்றாத ஆறு ஒன்றும் புதுக்கோட்டையில் இல்லை. வெள்ளாறு மழைக்கு ஓடி வெயிலுக்கு மணலாகும். இன்னொரு ஆற்றுக்குப் பெயரே அக்கினியாறு! செம்பாறையும் கரும்பாறையுமான இந்த மண்ணில் கோடையைத் தாங்குவது என்றால், ஐப்பசியில் பெய்ததைச் சித்திரை வரை காப்பது என்றுதான் பொருள். நம் முன்னோர் அதைப் புரிந்துகொண்டிருந்தனர்.

அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல் குன்று இருக்கிறது. ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்திலே சமணத் துறவியர் படுத்த கற்படுக்கைகளும், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழி எழுத்தும் உள்ளன. குன்றின் மற்றொரு புறத்தே பாண்டியர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்பார் புதுப்பித்த குடைவரை இருக்கிறது. அதன் விதானத்தில் ஓவியர் தீட்டியது என்ன? ஒரு தாமரைக் குளம்! மீனும் அன்னமும் எருமையும் யானையும் நீரிலே திளைக்க, பூக்கொய்வோர் நிற்கும் குளம். வெளியே பாறை கொதிக்க, உள்ளே தலைக்கு மேலே தண்ணீர். சமண நூல் விளக்கம் அதற்கு வேறு இருக்கலாம். சித்திரை நண்பகலில் அங்கே ஏறிச் சென்றவருக்கு அதன் பொருள் விளங்காமல் போகாது.

தீட்டிய குளத்தோடு அவர்கள் நிற்கவில்லை. தோண்டிய குளங்கள் ஆயிரக்கணக்கானவை. குளம், கண்மாய், ஏந்தல், ஊருணி என்று பெயர்கள் பல. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டுவோர், கோயில் கொடைகளுக்கிடையே குளத்தையும் குமிழியையும் பற்றிய செய்திகளைக் காணலாம். குமிழி என்பது என்ன என்று நகரத்து இளைஞர் கேட்கலாம். கண்மாயின் உள்ளே, கரைக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு கற்றூண்கள் நிற்கும். அவற்றின் அடியிலே கல்லால் அமைந்த தொட்டி. அதன் மேலே ஒரு துளை, கீழே சிறு துளைகள். மேல் துளையை அடைத்திருக்கும் கட்டையை உயர்த்தினால் தெளிந்த நீர் உள்ளே இறங்கிக் கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியே வயலுக்குச் செல்லும். கீழ்த் துளைகள் சேற்றை இழுத்து வெளியேற்றும். நீர் செல்ல ஒரு வழி, சேறு செல்ல ஒரு வழி! எஞ்சினியர் கல்லூரி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் கல்தச்சர் கண்ட நுட்பம் இது. கல்வெட்டிலே கொடுத்தவர் பெயர் இருக்கிறது. மூச்சடக்கி நீருக்குள் மூழ்கிக் குமிழி திறந்தவன் பெயரை யார் பொறித்தார்?

அவன் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் அவன் பெயர் மாறும். பெரும்பாலான ஊர்களில் அவன் 'கீழ்ச்சாதி' என்று ஒதுக்கப்பட்ட சேரியைச் சேர்ந்தவன். நிலமில்லாதவனாதலால் எவர் வயலுக்கும் ஓரவஞ்சனை செய்யமாட்டான் என்பது அவனை அமர்த்தியதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆகா, எத்தகைய நியாயம்! நிலம் கொடாமல் வைத்ததே நடுநிலைக்குத் தகுதியாயிற்று. இரவெல்லாம் கரையிலே விழித்திருந்து ஊருக்கு நீர் அளந்தவன், விடிந்ததும் ஊருணிப் படித்துறையில் இறங்கி ஒரு குடம் மொள்ள முடியாது. அவன் கை பட்டுக் குமிழி வழியே வந்த நீர் நெல்லுக்குத் தீட்டில்லை. அவன் குடம் பட்ட நீர் மட்டும் தீட்டு! கோடையிலே வழிப்போக்கர் தாகம் தீர்க்கத் தண்ணீர்ப்பந்தல் வைத்தனர், அறம் என்று. அங்கேயும் ஒருவனுக்குச் செம்பு, ஒருவனுக்குக் குவிந்த கை. தூக்கி ஊற்றிய நீரில் பாதி மண்ணுக்குப் போனது.

இதனைச் சடங்கின் சிறுமை என்று மட்டும் கருதிவிடக் கூடாது. மனித உடல் 37 பாகை வெப்பத்தில் இயங்குவது. வெளி வெப்பம் அதனை மீறும்போது வியர்வை ஆவியாவதால்தான் உடல் குளிர்கிறது. வியர்வைக்கு நீர் வேண்டும். உடலின் வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் மூளை கலங்கும், உயிர் போகும். வயலிலே குனிந்து நிற்பவனுக்கு நாளெல்லாம் தண்ணீர் வேண்டும். திண்ணையிலே விசிறியோடு இருப்பவனுக்கு அத்தனை வேண்டாம். மிகுதியாக வேண்டியவனுக்கே கிணறு தூரத்தில் இருந்தது. வெயில் எல்லோர் தலையிலும் ஒன்றாகத்தான் விழுந்தது. நீரும் நிழலும் பிறப்பைக் கேட்டு வந்தன.

ஆள வந்த வெள்ளையரும் இதில் நல்ல மாணவர்களே. கோடை வந்தால் சென்னை ராஜதானியின் ஆட்சியே உதகமண்டலத்துக்கு மூட்டை கட்டும். மலையேற இயலாதவர்க்கு அமெரிக்காவில் உறைந்த ஏரிகளிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்தது. அதைச் சேமிக்க 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் சென்னைக் கடற்கரையிலே இன்றும் வேறு பெயரில் நிற்கிறது. கச்சேரிகளிலே துரையின் தலைக்கு மேலே பங்கா ஆடும். கயிற்றை இழுப்பவன் வெளித் தாழ்வாரத்திலே வியர்த்துக் கிடப்பான். 1858இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றினர். ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் அருகிலுள்ள 'உழைக்கும் வகுப்பார்' வந்து அடைக்க வேண்டும், வராவிட்டால் தண்டனை. ஏரி நீரால் விளைந்தது எவர் களஞ்சியத்துக்குப் போயிற்றோ அவரை அச்சட்டம் அழைக்கவில்லை.

1876இல் மழை பொய்த்தது. தொடர்ந்த தாது வருடப் பஞ்சத்தில் தென்னாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கணக்கிட்டார் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி. பஞ்சத்தின் இறுதியில், 1878இல், புதுக்கோட்டைக்குத் திவானாக வந்தவர் சேஷையா சாஸ்திரி. வைதிகர்தான் அவர், ஆயினும் நகரின் குளங்களைத் தூர்வாரச் செய்தார், தெருக்களை ஒழுங்கு செய்தார். செய்த நன்மையைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அந்தக் குளங்களின் எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்ற கேள்வி மட்டும் தூர்வாரப்படவில்லை.

அந்தக் கேள்வியைச் சட்டமன்றத்தில் கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன். 1924 ஆகஸ்டு 22 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது: பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம் எவர்க்கும் உரியவை. மூன்று ஆண்டு கழித்து, 1927 மார்ச்சு 20இல், மராட்டிய மண்ணில் மகாடு என்னும் ஊரின் சவுதார் குளத்திலே அம்பேத்கர் இறங்கி நீர் அள்ளிப் பருகினார். சென்னைத் தீர்மானம் புதுக்கோட்டை எல்லையிலே நின்றுவிட்டது. இது தனிச் சமஸ்தானமல்லவா! 1948 மார்ச்சு 3இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1950இல் வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே குறித்திருக்கிறார்கள். உலகின் பல நாட்டு அரசியல் சட்டங்களுக்குக் குளத்தை நினைக்கும் தேவை ஏற்பட்டதில்லை.

சட்டம் வந்தது, குடம் சுமப்பது பெண்ணின் தலையிலேயே இருந்தது. அதனைச் சிறிதேனும் இறக்கிய புரட்சி இதே மாவட்டத்தில் 1991ஐ ஒட்டி நிகழ்ந்தது. அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. அன்றைய ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். இலட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி கற்றனர். ஊரார் ஏசினர், நகைத்தனர். கல்லுடைக்கும் பெண்ணும் களையெடுக்கும் பெண்ணும் குடத்தை வண்டியிலே கட்டிக்கொண்டு மிதித்தனர். கொதிக்கும் மணலில் நடந்து சென்று நீர் கொண்டுவந்தவள், நேரத்தையும் காலையும் காத்துக்கொண்டாள். கோடையை வெல்வதற்கான கருவி எது என்று என்னைக் கேட்டால், குளிர்சாதனப் பெட்டிக்கு முன் அந்த மிதிவண்டியைத்தான் சொல்வேன்.

2019ஆம் ஆண்டுக் கோடையை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தலைநகரின் ஏரிகள் வறண்டன. அறநிலையத்துறை சுற்றறிக்கை அனுப்பிற்று, கோயில்களிலே மழை வேண்டி வேள்வி நடத்துக என்று! நீர்த்தொட்டியிலே அமர்ந்து வருண ஜபம் ஓதினர். அமிர்தவர்ஷினி இராகம் வாசித்தனர். இங்கே புதுக்கோட்டையிலோ, முந்தைய நவம்பர் 16இல் அடித்த கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்திருந்தது. தலைமுறைகளின் நிழல் ஓர் இரவில் போயிற்று. கொத்தமங்கலம் பக்கத்து இளைஞர்கள் என்ன செய்தார்கள்? பணம் திரட்டினர், இயந்திரம் அமர்த்தினர், பாழ்பட்ட குளங்களையும் வரத்துவாரிகளையும் வெட்டினர். தொட்டியிலே அமர்ந்தவர்களும் மழைக்குக் காத்திருந்தார்கள்; இவர்களும் காத்திருந்தார்கள். பெய்தபோது தேங்குவதற்கு இடம் வைத்திருந்தவர்கள் இவர்களே.

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என அறிவித்து, அதில் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வெயிலால் சாவது விதியல்ல என்று அரசே ஒப்புக்கொண்டது, வரவேற்கிறோம். சாலை போடுபவரும் செங்கல் சூளையில் நிற்பவரும் நூறுநாள் வேலைக்குச் செல்பவரும் நண்பகலில் ஒதுங்க நிழலும் குடிக்க நீரும் பெறுவது செத்தபின் தரும் தொகையை விட மலிவு என்பதையும் ஒருநாள் ஒப்புக்கொள்ளட்டும்.

நீர் வந்துவிட்டால் போதுமா? தாமரைக் குளம் தீட்டிய சித்தன்னவாசல் எந்த ஒன்றியத்தில் இருக்கிறதோ, அதே அன்னவாசல் ஒன்றியத்தில் வேங்கைவயல் என்றொரு சிற்றூர். ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் தெருவுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி. பிள்ளைகள் நோயுற்றனர், தண்ணீரில் குறை இருக்கலாம் என்றார் மருத்துவர். 2022 டிசம்பர் 26 அன்று தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உள்ளே மனித மலம் கிடந்தது. மறுநாள் ஆட்சித்தலைவர் வந்தார். விசாரித்தபோது, அருகிலுள்ள இறையூர்த் தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை இருப்பதும், அய்யனார் கோயிலுக்குள் அம்மக்கள் நுழையத் தடை இருப்பதும் தெரியவந்தன. குவளைக்காக வழக்குப் பதிவாயிற்று. கோயிலுக்குள் அவர் கையோடு அழைத்துச் சென்றார். தொட்டியைப் பற்றிய விசாரணை குற்றப்பிரிவுக்கு மாறி இரண்டு ஆண்டு நடந்தது. 2025 சனவரியில் அளித்த குற்றப்பத்திரிகை, அதே தெருவைச் சேர்ந்த மூவர்மீதே குற்றம் சாட்டியது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. பல கட்சிகளும் ஏற்கவில்லை. மத்தியப் புலனாய்வு வேண்டும் என்றனர். தெருவின் வாயிலிலே மறியலுக்கு அமர்ந்த பெண்களில் சிலர், அந்தத் தொட்டி நீரைக் குடித்த பிள்ளைகளின் தாய்மார்.