ஆத்திரம் இயற்றிய சட்டம்

கொடுங்குற்றமொன்று சமூகத்தை உலுக்கும்போதெல்லாம் ‘தூக்கிலிடுக’ என்ற குரல் எழுகின்றது. அக்குரலின் பின்னுள்ள வேதனை மெய்யானது. அதனை நாம் ஏளனம் செய்தலாகாது. ஆயின், வேதனையே சட்டமியற்ற முற்படின் நீதி கிட்டுமா? எமது நாட்டு வரலாறே விடை கூறும்.

1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசாங்கம் மரணதண்டனையை நிறுத்திவைக்க முனைந்தது. 1958இல் மூன்றாண்டு காலத்துக்கென அதற்குரிய சட்டம் நிறைவேறியது. இவ்விடயத்தை ஆராய நோர்வல் மொறிஸ் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தண்டனை நிறுத்தம் தொடரவேண்டும் என்பதே 1959இல் அது வழங்கிய பரிந்துரை. ஆய்வறிவு சட்டத்துக்கு வழிகாட்ட முற்பட்ட அரிய காலம் அது.

அவ்வாண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி பிரதமர் தம் இல்லத்திலேயே சுடப்பட்டார்; மறுநாள் உயிர்நீத்தார். தம்மைச் சுட்டவன்மீது பழிவாங்காது இரக்கங் காட்டுமாறு மருத்துவமனையிலிருந்து மக்களை வேண்டியவர் அவர். ஆனால் அவ்வாண்டு முடியுமுன்னரே பாராளுமன்றம் தூக்குத் தண்டனையை மீட்டது. முன்னர் நிகழ்ந்த அக்கொலையையும் அடக்கும்வண்ணம் சட்டத்தைப் பின்னோக்கிச் செல்லச் செய்தது. இரக்கங் கேட்டவரின் பெயராலேயே இரக்கம் மறுக்கப்பட்டது!

விளைவு யாது? மூவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. எனினும், புதிய சட்டத்தின் வாசகம் கொலைச் சதியைத் தெளிவாக உள்ளடக்கவில்லை என மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. சதிக் குற்றவாளிகளான புத்தரக்கித்த தேரர், ஜயவர்த்தன ஆகியோரின் தண்டனை ஆயுட்சிறையாகியது. சுட்ட சோமராம மட்டும் 1962 யூலை 6ஆந் திகதி வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். மற்றைய இருவரையும் தூக்கியிருக்கவேண்டும் என்பதன்று எமது வாதம். ஆத்திரத்தில் யாத்த சட்டம் தன் நோக்கத்தையே எய்தவில்லை என்பதே எமது வாதம். கருவியான கை தூக்குமேடை ஏறியது. அக்கையை ஏவிய பதவிமோகமும் இலாபவேட்கையும் எந்தக் கயிற்றுக்கும் அகப்படவில்லை.

1976 யூன் மாதத்தின் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் 2004இல் மேல்நீதிமன்ற நீதிபதி அம்பேப்பிட்டிய கொல்லப்பட்டபோதும், 2019இல் போதைப்பொருளை ஒழிக்கும் பெயரிலும் ஆட்சியாளர் தூக்குமேடையையே நினைவுகூர்ந்தனர். 2019இல் உயர்நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது.

கொலையுண்டோரின் குடும்பத்துக்கு யாது விடை என வினவலாம். விரைவான விசாரணை, பக்கஞ்சாராத தீர்ப்பு, குற்றத்தை விளைவிக்கும் நிலைமைகளை மாற்றும் உறுதி என்பனவே விடை. கயிறு மலிவானது; ஆதலாற்றான் அதிகாரம் அதனை விரும்புகிறது. கடினமான பணியையே நாம் கேட்டுநிற்போம்.